மகளின் கவிதையில் பேசுவது யார்?

கேள்வி:

என் மகளுக்கு வயது 14. உயர்நிலை 2 படிக்கிறாள். பள்ளியில் வலைப்பந்துக் குழுவில் இருக்கிறாள். வீட்டில் கலகலவென்று பேசுகிற பிள்ளைதான். கொஞ்ச நாளாக ஆளே மாறிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துவிட்டாள். கேட்டால் "வயிறு நிறைஞ்சிருச்சும்மா" என்கிறாள். யாராவது படம் எடுத்தால் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். போன வாரம் சாப்பாட்டு மேசையில் அவளுடைய தமிழ் நோட்டு திறந்து கிடந்தது. அதில் இந்தக் கவிதை இருந்தது:

எங்கள் வீட்டில்
எனக்கு முன்னால்
என் நிறம் வாசலுக்குப் போகும்.
"வெயிலில் அலையாதே" என்பார் பாட்டி.
"இந்த நிறத்துக்கு அந்தச் சட்டை வேண்டாம்" என்பார் அம்மா.
"படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கு" என்பாள் தோழி.
எல்லாரும் பேசி முடித்த பிறகு
நான் வருவேன்.
அதற்குள்
சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சட்டையைப் பற்றி நான் அப்படிச் சொன்னது உண்மைதான். தப்பாக நினைத்துச் சொல்லவில்லை. என் மாமியாரும் மனசில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. ஆங்கில இலக்கிய வகுப்பில் 'பார்பி டால்' என்ற கவிதையைப் படித்தார்களாம். அதில் வரும் பெண் தன் மூக்கையும் காலையும் வெட்டிக்கொள்கிறாளாம். "இதையெல்லாம் பிள்ளைங்களுக்குக் குடுத்தா மனசு கெடாம என்ன செய்யும்?" என்று என் கணவர் கோபப்படுகிறார். பள்ளிக்கு எழுதப் போகிறேன் என்கிறார். நானும் அந்தக் காலத்தில் குண்டாக இருக்கிறேன் என்று இடைவேளையில் ஓட வைக்கப்பட்டவள்தான். எனக்கு எல்லாம் சரியாகத்தானே போனது? கவிதையைப் படித்துவிட்டேன் என்று மகளிடம் சொல்லலாமா? அடுத்த மாதம் உறவில் ஒரு திருமணம் வேறு இருக்கிறது. இன்னொன்று, இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது: கவிதை நன்றாக இருப்பதாகவும் தோன்றுகிறது. எங்காவது அனுப்பலாமா?

ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கூச்சத்தோடு கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கவிதை நன்றாக இருக்கிறது. 14 வயதில் அந்தக் கடைசி இரண்டு வரிகள் எல்லாருக்கும் வந்துவிடாது. பிள்ளையை நினைத்துக் கவலையும், அவள் எழுத்தைப் பார்த்துப் பெருமையும் ஒன்றாக வருவதில் தப்பு எதுவும் இல்லை.

பள்ளிக்கு எழுதப் போகும் கடிதத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கவிதையை அவர் முழுதாகப் படித்திருப்பார் என்று தோன்றவில்லை. நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். சின்னக் கவிதைதான்.

மார்ஜ் பியர்சி என்ற அமெரிக்கக் கவிஞர் 1970களின் தொடக்கத்தில் எழுதியது அது. பார்பி பொம்மை விற்பனைக்கு வந்தது 1959இல். அதை வைத்து விளையாடிய முதல் தலைமுறைச் சிறுமிகள் பெரியவர்களாகிக்கொண்டிருந்த நேரம். கவிதையில் ஒரு பெண் குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போலப் பிறக்கிறாள். பொம்மை, விளையாட்டு அடுப்பு, குட்டி உதட்டுச்சாயம் எல்லாம் வாங்கித் தருகிறார்கள். வயதுக்கு வரும் பருவத்தில், கூடப் படிக்கும் ஒருவர் சொல்கிறார்: உனக்கு மூக்கு பெரிசு, கால் தடிமன். அவள் ஆரோக்கியமானவள், புத்திசாலி, கையிலும் முதுகிலும் வலு உள்ளவள் என்று கவிஞர் வரிசையாகச் சொல்கிறார். அதெல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை. அவள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரிகிறாள். அடக்கமாக இரு என்கிறார்கள். கலகலப்பாக இரு என்றும் சொல்கிறார்கள். உடற்பயிற்சி செய், சாப்பாட்டைக் குறை, சிரி என்கிறார்கள். கடைசியில் அவள் மூக்கையும் காலையும் வெட்டிக் கொடுத்துவிடுகிறாள். சவப்பெட்டியில் ஒட்டுமூக்கும் ஒப்பனையுமாகப் படுத்திருக்கும்போது சுற்றி நிற்பவர்கள் சொல்கிறார்கள்: எவ்வளவு அழகாக இருக்கிறாள், பாருங்கள்!

கொடுமையான முடிவுதான். ஆனால் கவிஞரின் கோபம் யார்மேல் என்று பாருங்கள். பெட்டியைச் சுற்றி நின்று அப்படிச் சொல்கிறார்களே, அவர்கள்மேல். மனம் நொந்திருக்கும் பிள்ளையிடம் இந்தக் கவிதையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடக் கூடாது. படித்தபின் வகுப்பில் பேச நேரம் தர வேண்டும். ஆசிரியரிடம் கேட்பதானால் அதைக் கேளுங்கள்: "படித்த பிறகு பிள்ளைகள் என்ன பேசினார்கள்?"

இப்போது உங்கள் மகளின் நோட்டுக்கு வருவோம். பியர்சியின் கவிதையிலிருந்து அவள் எதை எடுத்துக்கொண்டாள் தெரியுமா? வெட்டிக்கொள்வதை எடுக்கவில்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் வாயிலேயே வைத்து வரிசையாக நிறுத்தும் முறையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே வகுப்புத் தோழர், அறிவுரை சொல்பவர்கள், துக்கத்துக்கு வந்தவர்கள். இங்கே பாட்டி, அம்மா, தோழி. மனசுக்குள் 'நான் நல்லா இல்லை' என்று மொத்தமாகக் கிடந்த ஒன்றைப் பிரித்து, இது பாட்டி சொன்னது, இது அம்மா சொன்னது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறாள். ஆலோசனை அறையில் இந்த இடத்துக்கு வந்துசேரவே சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். 'என்னிடம் ஏதோ குறை' என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடியும். அதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பது மறந்திருக்கும். சொன்னவரின் குரல் தன் குரலாகவே மாறிப்போயிருக்கும்.

பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து கவிதை படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. அழகைப் பற்றிய எந்தக் கவிதையை எடுத்தாலும் முதலில் நாங்கள் கேட்டுக்கொள்வது, இதில் பேசுவது யார், பேசாமல் இருப்பது யார் என்பதுதான். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற வழக்கு நமக்கெல்லாம் தெரியும். ராணியின் கூந்தலை வைத்துப் பாண்டியனுக்குச் சந்தேகம் வந்தது, தருமிக்காக இறைவனே 'கொங்குதேர் வாழ்க்கை' என்று பாட்டு எழுதிக் கொடுத்தான், நக்கீரர் குற்றம் கண்டுபிடித்தார், நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்றார். பள்ளி மேடையில் எத்தனை முறை நடித்துவிட்டோம்! போன ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "அந்த ராணிகிட்ட யாருமே கேக்கலையா?" அறையில் யாருக்கும் பதில் இல்லை. ஒரு பெண்ணின் தலைமுடியைப் பற்றி அரசனும் புலவனும் கடவுளும் சபை கூட்டி வாதாடுகிறார்கள். முடிக்குச் சொந்தக்காரி கதைக்குள்ளேயே வரவில்லை. கவிதை அழகானதுதான், நானும் விரும்பிப் படிப்பதுதான். ஆனால் அந்த மாணவியின் கேள்வி சரியான கேள்வி.

'கொங்குதேர் வாழ்க்கை' இருக்கும் அதே குறுந்தொகையில் ஒரு பெண்ணே பேசும் பாட்டு இருக்கிறது, 27ஆம் பாடல். எழுதியவர் வெள்ளிவீதியார், பெண்பாற் புலவர். "கன்றும் உண்ணாது கலத்தினும் படாது நல்லான் தீம்பால்" என்று தொடங்கும். கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல், நல்ல பசுவின் பால் மண்ணில் கொட்டிப் போனதுபோல, எனக்கும் இல்லாமல் என்னவனுக்கும் உதவாமல் என் அழகைப் பசலை தின்கிறது என்கிறாள். அவள் எந்த அழகைச் சொல்கிறாள் என்று கவனியுங்கள். மாமைக் கவின், மாந்தளிர்போல மினுங்கும் கருமையின் அழகு. நிறம் வெளுத்துப் பசந்துபோவதுதான் அவளுக்கு வந்த கேடு. அந்தப் பாட்டு எழுதப்பட்ட காலத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் கரிய நிறம் போகிறதே என்று அழுதிருக்கிறாள். இதைப் படித்துக் காட்டும்போது பிள்ளைகள் ஒருமாதிரி நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நூலகத்தில் உரையோடு குறுந்தொகை கிடைக்கும், உங்கள் மகளிடம் இந்த ஒரு பாட்டை மட்டும் காட்டுங்கள். 'பாரு, நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்க' என்று பாடம் எடுக்க வேண்டாம். காட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்தில் அவளே தேடிப் படிக்க விரும்பினால் அமெரிக்கக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் எழுதிய 'சாக்லேட் மேபி' பற்றிய கதைப்பாட்டைச் சொல்லுங்கள். புரூக்ஸின் முதல் தொகுப்பில், 1945இல் வந்தது. 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். மேபிக்கு ஏழு வயது, சாக்லேட் நிறம். பள்ளி வாசலில் வில்லி பூன் என்ற பையனுக்காகக் காத்திருக்கிறாள். மணி அடித்து அரைமணி நேரம் ஆகியும் நிற்கிறாள். அவன் வருகிறான், வெளிர் மஞ்சள் நிறச் சிறுமி ஒருத்தியை நகை மாதிரி அணிந்துகொண்டு. அவ்வளவுதான் கதை. யாரும் மேபியைத் திட்டவில்லை. "நீ கறுப்பு" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாசலில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

நான் இந்தக் கவிதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு நடப்பதில் பாதி இப்படித்தான், யாரும் எதுவும் சொல்லாமலே நடக்கிறது. வகுப்பில் அவள் நிறத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். குழுவாகப் படம் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினால் மற்றவர்கள் மினுங்குவார்கள், இவள் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். எம்ஆர்டி ரயிலில் ஏறினால் மெலிந்த இடுப்பையும் வெள்ளைத் தோலையும் காட்டும் விளம்பரங்கள். வீட்டுக்கு வந்து தமிழ்ப் படம் போட்டால் கதாநாயகி எங்கிருந்து வந்தவர் என்று உங்களுக்கே தெரியும். இவற்றையெல்லாம் உங்களால் நிறுத்த முடியாது. கவிதையில் "தோழி" பேசும் வரி அந்த வெளியுலகத்தின் வரி. மற்ற இரண்டும் உங்கள் வீட்டு வரிகள். அங்கே உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது.

கவிதையைப் படித்ததைச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு சுற்றி வளைத்துக் கேள்வி கேட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதன்பிறகு நோட்டு மேசைக்கு வராது. "மேசையில திறந்து கிடந்துச்சு, படிச்சிட்டேன். உன்னைக் கேக்காம படிச்சதுக்கு மன்னிச்சிரு" என்றால் போதும். முகத்துக்கு நேரே உட்கார வைத்துப் பேச வேண்டாம். தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும்போதோ, துணி மடிக்கும்போதோ, பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவது இந்த வயதுக்குச் சுலபம். "உனக்கு என்ன பிரச்சினை?" என்று தொடங்காதீர்கள். கவிதையைப் பற்றிக் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடைசி வரியைப் பற்றிக் கேட்பேன்: "சாப்பாடு ஏன் ஆறிப்போவுது?"

அந்த வரி அழகுக்காக எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். அவள் சோறு குறைப்பதோடு சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். நீங்களோ நானோ முடிவு கட்டிவிடக் கூடாது. எழுதியவளைத்தான் கேட்க வேண்டும். "சும்மா தோணுச்சு" என்று சொன்னால் "சரி, எனக்கு அந்த வரி பிடிச்சிருந்துச்சு" என்று விட்டுவிடுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் இன்னொரு நாள் அவளே வருவாள். எழுத்துப்பிழை திருத்த வேண்டாம், தயவு செய்து.

இன்னொரு பதிலும் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும்: "யாரு சொன்னா? நீ அழகுதான் கண்ணு!" அம்மாவுக்கு அது இயல்பாக வருவது. ஆனால் அவள் கவிதையில் "நான் அழகில்லை" என்று எங்கேயும் எழுதவில்லை. தனக்கு முன்னால் தன் நிறம் போய் நிற்கிறது என்கிறாள். தன்னைப் பார்க்கும் முன் எல்லாரும் அதைப் பார்த்துவிடுகிறார்கள் என்கிறாள். அதற்கு "நிறமும் அழகுதான்" என்று பதில் சொன்னால் மறுபடியும் நிறத்தைப் பற்றித்தான் பேசியிருப்போம். பியர்சியின் கவிதையில் வரும் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வரிகூடக் கிடையாது. உங்கள் மகளின் கவிதையில் "நான் வருவேன்" என்று ஒரு வரி இருக்கிறது. வருகிறவளோடு பேசுங்கள். வலைப்பந்தில் எந்த இடத்தில் ஆடுகிறாள், யாரோடு சண்டை, கணக்கு ஆசிரியர் எப்படி, அடுத்து என்ன எழுதப் போகிறாள்.

சட்டை விஷயத்தை நீங்களே எடுங்கள். "இந்த நிறத்துக்கு அந்தச் சட்டை வேண்டாம்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று நேராகச் சொல்லுங்கள். "நான் அப்படி நினைச்சுச் சொல்லல" என்று ஆரம்பித்தால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். அவள் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும்.

உங்கள் பள்ளிக்காலம் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் இருந்தது. எடை கூடிய மாணவர்களுக்குத் தனி உடற்பயிற்சி. TAF என்ற அதன் சுருக்கப் பெயரைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்' (FAT, குண்டு) என்று வரும். கேலி செய்யப் பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். அந்த வரிசையில் நின்ற பலர் இன்று உங்கள் வயதில் தாய்மார்களாக என்னிடம் பேச வருகிறார்கள். "எனக்கு எல்லாம் சரியாகத்தானே போனது?" என்று கேட்கிறீர்கள். சரியாகப் போயிருக்கலாம். ஆனால் மகளைப் பற்றி எழுதிய கடிதத்தில், இத்தனை ஆண்டு கழித்து, அந்த ஓட்டம் தானாக வந்து இடம் பிடித்திருக்கிறதே. அதைப் பற்றி நான்கு வரி எழுதிப் பாருங்கள். கவிதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த இடைவேளையில் மற்றவர்கள் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், வெயில் எப்படி இருந்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதியதை மகளிடம் காட்டலாம். "அம்மாவுக்கும் இப்படி நடந்துச்சு, நான் தாங்கிக்கலையா?" என்று சொல்லிக் காட்டாதீர்கள், சும்மா காட்டுங்கள்.

பாட்டியிடம் உங்கள் கணவர் பேசட்டும். பெற்ற மகன் சொன்னால் அது வீட்டுப் பேச்சு, மருமகள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். பேத்தி முன்னால் வேண்டாம், தனியாகச் சொல்லட்டும்: "அம்மா, நிறத்தைப் பத்தி மட்டும் அவகிட்ட எதுவும் பேச வேண்டாம்." அந்தத் தலைமுறைக்கு நிறம் வெறும் பேச்சல்ல, கல்யாணக் கவலை. பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான். என் குழுவில் பிள்ளைகள் பாட்டிகளிடம் போய் "உங்களை என்ன சொன்னாங்க?" என்று கேட்டு எழுதி வந்திருக்கிறார்கள். மஞ்சள் பூசி நிற்க வைத்தது, விளக்கைத் தள்ளி வைத்தது, தங்கையை உள்ளே ஒளித்து வைத்தது என்று என்னென்னவோ வந்தது. உங்கள் மாமியாரும் மகளும் ஒருநாள் இப்படி உட்கார்ந்து பேசினால், வெயிலில் அலையாதே என்ற அந்த வரி எங்கே பிறந்தது என்று இருவருக்குமே தெரியவரும். பாரதியின் பூனைக்குட்டிப் பாட்டு பாட்டிக்குக் கட்டாயம் மனப்பாடமாக இருக்கும். "இந்த நிறம் சிறிதென்றும் இஃது ஏற்றமென்றும் சொல்லலாமோ?" என்று பாடி வளர்ந்தவர்கள்தான் பெண் பார்க்கப் போனபோது நிறம் கேட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

திருமணத்துக்கு என்ன உடுத்துவது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும், அந்தச் சட்டையின் நிறமாக இருந்தாலும். மண்டபத்தில் யாராவது ஒரு பெரியம்மா "என்னடி இப்படிக் கறுத்துட்டே?" என்று கேட்கத்தான் போகிறார். போவதற்கு முன்பே அவளிடம் கேளுங்கள்: "யாராச்சும் ஏதாச்சும் சொன்னா நான் பதில் சொல்லவா, நீயே பாத்துக்கிறியா?" சில பிள்ளைகளுக்கு அம்மா குறுக்கே வந்தால் இன்னும் வெட்கமாகிவிடும். நீங்கள் சொல்ல வேண்டும் என்றால் சிரித்த முகத்தோடு, "அவ ஸ்கூல் டீம்ல விளையாடுறா பெரியம்மா, வெயில்ல நின்னாத்தானே ஆகும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினால் போதும். அவள் பக்கத்தில் நிற்பது முக்கியம். படம் எடுக்கும்போது பின்னால் போனால் இழுத்து முன்னால் நிறுத்த வேண்டாம்.

இனி, கவிதையைத் தாண்டி நீங்கள் கவனிக்க வேண்டியது. சோறு குறைவது மட்டும் என்றால் இப்போதைக்குக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் எடை வேகமாக இறங்குவது, மாதவிலக்கு நிற்பது அல்லது தள்ளிப்போவது, எழுந்தால் தலை சுற்றுவது, எப்போதும் குளிருகிறது என்பது, முடி கொட்டுவது, சாப்பிட்ட உடனே கழிவறைக்குப் போய் வெகுநேரம் இருப்பது, பயிற்சி முடிந்த பிறகும் தனியாக ஓடுவது, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் ஒதுங்குவது, இவற்றில் எதையாவது பார்த்தால் காத்திருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போய் உள்ளதை உள்ளபடி மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இந்த வயதுப் பிள்ளைகளின் உணவுப் பிரச்சினைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளி ஆலோசகரிடமும் பேசலாம். அது அவள் பதிவில் கறையாகிவிடும் என்று பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் வேண்டாம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை அவள் பேச்சிலோ எழுத்திலோ வந்தால், 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 24 மணி நேரமும் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கு மட்டும் என்று இல்லை, நீங்களும் அழைக்கலாம்.

அப்படிச் சாப்பாட்டோடு போராடும் பிள்ளைக்குக் கவிதை தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். காரைக்கால் அம்மையாரை நான் மிகவும் மதிக்கிறேன். தன் அழகிய உடலே வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கி, வற்றிய உடம்பும் குழிந்த வயிறுமாகத் தன்னையே பாடிய பெண் உலக இலக்கியத்திலேயே அபூர்வம். ஆனாலும் பட்டினி கிடக்கும் பிள்ளையிடம் அந்தப் பதிகத்தை நான் நீட்ட மாட்டேன். உடல் மெலிவதை விரிவாகச் சொல்லும் எந்தக் கவிதையும் அந்த நேரத்தில் அவளுக்கு வேறு மாதிரி படிக்கும். உடம்பு தேறிய பிறகு படிக்கலாம்.

அவளுடைய அலமாரியையும் கொஞ்சம் பாருங்கள். சோதனை போடச் சொல்லவில்லை, கேட்டுவிட்டுப் பாருங்கள். இணையத்தில் விற்கும் நிறம் வெளுக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கக்கூடியது. உறைமேல் என்ன கலந்திருக்கிறது என்று போடாத எதையும் முகத்தில் தடவக் கூடாது என்று சொல்லிவையுங்கள். அழகைப் பற்றிய விவாதமாக அதை ஆக்க வேண்டாம், மருந்து விஷயமாகவே பேசுங்கள்.

கடைசியாக, அனுப்பலாமா என்று கேட்டீர்களே. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி மாணவர்களுக்குப் போட்டிகள் வரும். தமிழ் முரசு நாளிதழின் மாணவர் பகுதியான மாணவர் முரசு இருக்கிறது. மாதந்தோறும் கூடும் கவிமாலை என்ற கவிஞர் சந்திப்புக்கு அழைத்துப் போனால், பெரியவர்கள் தங்கள் வரிகளைப் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்பதை அவள் பார்க்கலாம். எனக்கு அதுதான் இப்போதைக்கு நல்லது என்று படுகிறது. போட்டிக்குப் போனால் அந்தக் கவிதைக்கு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். மதிப்பெண் போடப்படுவதைப் பற்றித்தானே அவள் எழுதியிருக்கிறாள். எதுவானாலும் அவளைக் கேட்டுச் செய்யுங்கள். அவள் சரி என்றால், சொந்தப் பெயரா புனைபெயரா, பாட்டியின் வரியை வைப்பதா எடுப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அச்சில் வந்தால் பாட்டியும் படிப்பார் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.